நான் சிமெண்ட் பூசிய சுவர்தான் விழுந்தது

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து எனக்குப் போன் மேல் போன். மராட்டியர் காலத்துக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அந்தச் சந்தோஷத்தில், "அண்ணா, எங்க ஊர் மலையிலயும் ஒரு கோட்டை இருக்கு. ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிக்கிட்டுச் சுத்தம் பண்ணப் போறோம். என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்கிறார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அரிவாள், கடப்பாரை, நாலு மூட்டை சிமெண்ட் என்று அவர்களே பட்டியல் சொல்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2021-ல் நானும் இதே பட்டியலோடுதான் மலை ஏறினேன். அதற்கு நான் கொடுத்தது 14 மாத அலைச்சல், ரூ.2,10,000 பணம், இரண்டு நல்ல நண்பர்கள். போகட்டும், பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். நூற்றாண்டுகளாக நின்ற சுவரில் 18 அடி என்னால் விழுந்ததே, அதை எதைக் கொடுத்தும் திருப்ப முடியாது. ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட, நடந்ததை நடந்தபடி ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன ஊர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியைப் பழைய ஆவணங்களில் பாராமகால் என்று எழுதியிருப்பார்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, ஜகதேவி, வீரபத்திர துர்க்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலைமேல் கோட்டை. மைசூருக்கு ஏறும் வழியை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே இந்தச் சீமை என்பதால் விஜயநகரத்தார், ஜகதேவராயர், பீஜப்பூர்க்காரர்கள், ஐதர், திப்பு என்று கை மாறிக்கொண்டே வந்து, கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. எங்கள் ஊர்க் கோட்டை இவற்றில் சின்னது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வரலாறு தேடி வருபவர் இரண்டு பேர் என்றால், ராத்திரியில் எலுமிச்சம்பழமும் மண்வெட்டியுமாகப் புதையல் தேடி வருபவர் பத்துப் பேர் இருப்பார்கள். கோட்டை உச்சியில் ஏற்கெனவே அப்படித் தோண்டிய குழிகள் மூன்று இருக்கின்றன.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரம், கடையில் வியாபாரம் மந்தம். சின்ன வயதில் ஆடு மேய்ப்பவர்களோடு ஏறித் திரிந்த கோட்டையை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நுழைவாசலே தெரியாத அளவுக்கு உண்ணிச்செடி மூடிக்கிடந்தது. வாசல் சுவரின் நடுவிலிருந்து ஒரு அரசமரம் பெரிய குடை மாதிரி வளர்ந்திருந்தது. உள்ளே காலி பாட்டில்கள், மண்டபத் தூணில் ஆயில் பெயிண்டில் காதலர் பெயர்கள். மனசு தாங்கவில்லை. கூடப் படித்தவர்கள் ஆறு பேர், பக்கத்து ஊர்ப் பள்ளிப் பையன்கள் சிலர் என்று ஒரு குழு சேர்ந்தது. ஊராட்சித் தலைவரைப் பார்த்துச் சொன்னோம். "நல்ல காரியம், தாராளமா செய்ங்க" என்று தோளில் தட்டினார். எங்களுக்கு அதுவே அனுமதி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான். ஒரு கோட்டை ஊருக்குப் பொதுவானது என்று நாம் நினைக்கிறோம். காகிதத்தில் அது யாராவது ஒருவருக்குச் சொந்தம். மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருந்தால் 1958-ஆம் வருடச் சட்டம் பொருந்தும். அங்கே ஒரு கல்லை நகர்த்தவும் நமக்கு உரிமை இல்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு, சேதம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்தச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்குள் எது கட்டுவதானாலும் அனுமதி வாங்க வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருந்தால் 1966-ஆம் வருடச் சட்டம். இரண்டிலும் இல்லையென்றால் ஆளில்லாத சொத்து என்று அர்த்தமில்லை. புறம்போக்காக இருந்தால் வருவாய்த்துறை, காப்புக்காடாக இருந்தால் வனத்துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சர்வே எண்ணைக் கேட்டு, அ-பதிவேட்டில், அதாவது ஊர் நிலங்களின் கணக்குப் புத்தகத்தில், அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை. எங்கள் மலையில் அடிவாரம் புறம்போக்கு, பாதிக்கு மேல் காப்புக்காடு. நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். வாரா வாரம் அந்தக் கல்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே ஏறினோம். இது என்ன கல் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் அடி மூன்றாவது வாரத்திலேயே விழுந்தது. வெட்டிய உண்ணிச்செடியை வாசலுக்கு உள்ளேயே குவித்துக் கொளுத்தினோம். கீழே சுமந்துகொண்டு போக சோம்பல். வாசல் விதானத்துக்கு மேலே, பாறை இடுக்கில் மலைத்தேனீ அடை தொங்கியதை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. புகை மேலே போன இரண்டாவது நிமிடத்தில் சத்தம் கேட்டது, பெரிய வண்டி ஒன்று மலைக்கு மேலே வருகிற மாதிரி. அப்புறம் ஓட்டம்தான். எல்லோருக்கும் கொட்டு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கால் தடுக்கி விழுந்துவிட்டான், அவனைத்தான் மொய்த்தன. என் துண்டை அவன் தலையில் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் அவன் முகம் வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்த இருபது நிமிட இறக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. மூன்று நாள் ஆஸ்பத்திரி, ரூ.41,000. பணத்தை நான் கட்டினேன். அவனுடைய அம்மா வாசலில் நின்று, "உங்களை நம்பித்தானே அனுப்பினேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

அதனால் சொல்கிறேன். 18 வயது ஆகாதவர்களைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். வேலைக்கு முதல் நாள் ஒருவர் மட்டும் போய் விதானம், பாறை இடுக்கு, மரக்கிளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரட்டும். தேன் அடை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், சென்ட் பூசிக்கொண்டும் வர வேண்டாம். நெருப்பு வைக்கவே கூடாது. தேனீக்காக மட்டுமல்ல, சூட்டில் கல்லும் பொரிந்து செதில் செதிலாக உதிரும். பாம்புக்கு பயந்து காலுக்கு பூட்ஸ் போடுகிறோம், சரி, கையை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. கல் இடுக்கில் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். கீழே ஒருவர் வண்டியோடு இருக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பாதிப் பேர் வரவில்லை. நான் நிறுத்தவில்லை. பையனுக்கு அப்படி ஆனதற்கு ஈடாக வேலையை முழுசாக முடித்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அந்த வெறியில்தான் அரசமரத்தில் கை வைத்தேன். காக்கையோ குருவியோ பழம் தின்று எச்சமிட்ட விதை, கல் இடுக்கில் முளைத்து, வேர் பருக்கப் பருக்கச் சுவரைப் பிளக்கிறது. மரம் சுவருக்கு எதிரி என்பது சரிதான். ஆனால் முப்பது நாற்பது வருடம் வளர்ந்துவிட்ட மரத்தின் வேர்தான் பிளந்த கற்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. நாங்கள் மரத்தை அறுத்ததோடு விடாமல், சங்கிலி போட்டு வேரையும் இழுத்தோம். என் தொடை கனத்துக்கு ஒரு வேர் உருவிக்கொண்டு வந்தது, கூடவே இரண்டு கற்களும் கூடை கூடையாகச் செம்மண்ணும். சுவருக்குள் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினோம்.

இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவு. விரல் கனத்துக்குள் இருக்கும் கன்றுகளை மழை பெய்த மறுநாள் மெதுவாகப் பிடுங்கலாம், முழு வேரோடு வந்துவிடும். அதுவும் அனுமதி வாங்கிய பிறகு. அதைவிடப் பெரியதைத் தொடாதீர்கள். தண்டை மட்டும் வெட்டி, வேரை உள்ளேயே சாகவிட்டு, அது மக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை, துறை ஆட்கள் செய்ய வேண்டியது. நாம் செய்யக்கூடியது, எந்தச் சுவரில் எத்தனை கன்று என்று எண்ணி எழுதிக் கொடுப்பது.

பொந்தை அப்படியே விட முடியுமா? என் கடையில்தான் சிமெண்ட் இருக்கிறதே. 34 மூட்டை, இரண்டு லோடு எம்-சாண்ட், தலைச்சுமையாக மேலே ஏற்றும் கூலி, இரண்டு கொத்தனார், நான்கு சித்தாள், ஒன்பது நாள். எல்லாம் சேர்த்து ரூ.87,400. பொந்தை அடைத்தோம். அதோடு நிறுத்தியிருந்தால்கூடச் சேதம் குறைவாக இருந்திருக்கும். கலவை மிச்சம் இருந்ததால் பக்கத்தில் 18 அடி நீளத்துக்கு ஒவ்வொரு கல் இடுக்கிலும் பாயிண்டிங் பூசச் சொன்னேன். பழைய சுவருக்கு பலம் ஏற்றுகிறோம் என்று முழுமனசாக நம்பினேன். இருபது வருடமாகச் சிமெண்ட் விற்கிறவன், சந்தேகமே வரவில்லை. முடிந்ததும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நூற்றுக்கணக்கில் வாழ்த்து.

2021 நவம்பரில் மழை விடாமல் பெய்தது நினைவிருக்கும். ஒரு மதியம் சற்று ஓய்ந்தபோது, சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏறினேன். நாங்கள் தொடாத பழைய சுவர் முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து, மேலிருந்து கீழ்வரை, நூறு இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கீழே சின்ன ஓடை மாதிரி ஓடுகிறது. எங்கள் 18 அடி மட்டும் சொட்டு இல்லாமல் காய்ந்து நின்றது. பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சுவர் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிற மாதிரி தோன்றியது. கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு அடிவாரத்து வீடுகளில் இடி என்று நினைத்துக்கொண்டார்களாம். காலையில் போனால் 18 அடியும் சரிந்து கிடக்கிறது. சிமெண்ட் பட்டை பட்டையாகக் கல்லைப் பிடித்துக்கொண்டே விழுந்திருந்தது, அதன் பின்பக்கம் கைவைத்தால் களிமாதிரி ஈரச் செம்மண். பக்கத்தில் ஒழுகிய பழைய சுவர் அசையாமல் நின்றது.

காரணத்தை எனக்கு விளக்கியவர் ஒரு வயதான சுண்ணாம்புக் கொத்தனார். கோயில் திருப்பணிகளில் ஐம்பது வருடம் வேலை பார்த்தவர். தேடிப் போய்க் கூட்டி வந்தேன். அவர் விழுந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சுவர்ல கலவையே கிடையாது, கவனிச்சியா?" என்றார். கீழ்ச்சுவர் வெறும் கல்லடுக்கு. முன்னால் ஒரு கல் முகம், பின்னால் ஒரு கல் முகம், நடுவில் மண்ணும் சல்லியும். மழை பெய்தால் நடுவில் உள்ள மண் தண்ணீரைக் குடிக்கும், குடித்ததைக் கல் இடுக்கு வழியாக வெளியே விடும். இடுக்குதான் அதற்கு வடிகால். அத்தனை வடிகாலையும் நான் காசு கொடுத்து அடைத்திருக்கிறேன். தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மண் ஊதி, முன்முகத்தைத் தள்ளிவிட்டது. அன்றைக்கு நான் கை வைத்தபோது சுவருக்கு ஏற்கெனவே வயிறு தள்ளியிருக்கிறது. மேலே கைப்பிடிச் சுவர் மட்டும் பிற்காலத்துச் செங்கல், அதில் சுண்ணாம்புக் காரை உண்டு. அங்கேயும் சிமெண்ட் ஆகாது. சுண்ணாம்பு ஈரத்தை இழுத்து வெளியே விடும், மெதுவாக இறுகும், சுவர் லேசாக அசைந்தால் அதோடு தானும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமெண்ட் எதற்கும் வளையாது. இரண்டும் ஒட்டுகிற இடத்தில் பழைய செங்கல்தான் பொடியாகும். அவர் தன் கையாலேயே எனக்குக் காட்டினார். நீர்த்த சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, கட்டைவிரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "வெண்ணெய் மாதிரி வழுக்கணும். நறநறன்னா இன்னும் அரைக்கணும்" என்றார். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் பழைய காரை வேறு வேறு விகிதம், சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார்.

சுவர் விழுந்த செய்தி பரவியதும் அடுத்த அடி. வேரை இழுத்தபோது வந்த மண்ணில் நான்கு ஈயக் குண்டுகளும் தேய்ந்த ஒரு செப்புக் காசும் கிடைத்திருந்தன. தொலைந்துவிடக் கூடாதே என்று ஒரு டப்பாவில் போட்டு என் கடைக் கல்லாவில் வைத்திருந்தேன். குழுவில் ஒரு பையன் அந்தக் காசைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். நாலு பேர் கை மாறுவதற்குள் ஒரு காசு ஒரு பானை ஆகிவிட்டது. சுவரை இடித்துப் புதையல் எடுத்துவிட்டார்கள் என்று மனு போனது. விசாரணைக்குப் போனால் முதலில் கேட்ட கேள்வி, யார் அனுமதி கொடுத்தது? ஊராட்சித் தலைவர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அவர் எழுதிக் கொடுத்திருந்தால்தானே? இரண்டாவது கேள்வி, மரம் வெட்டியது காப்புக்காட்டுக்குள் என்று தெரியுமா? மூன்றாவது, காசு எங்கே? 1878-லேயே புதையல் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! நான் அதைக் கல்லாவில் வைத்திருந்தேன்.

அந்த 14 மாதத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசில்லை. மணல் பில், சிமெண்ட் பில், கூலிச் சீட்டு எல்லாம் என் பெயரில், என் கையெழுத்தில். குழு என்று சொன்னோமே தவிர, காகிதத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். கூட வந்தவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது. ஒவ்வொருவராகப் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். பள்ளியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. மரத்துக்கு அபராதம் ரூ.20,000, வக்கீலுக்கு ரூ.35,000, போக்குவரத்தும் நகல் எடுத்த செலவுமாக ரூ.26,000-க்கு மேல். கடையை மூடிய நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஒரு நாள், "திருடலன்னு நமக்குத் தெரியும். ஆனா கேக்காம செஞ்சது தப்புதானே? அதைப் போய் சொல்லிடுங்க" என்றாள். மறுநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வட்டாட்சியரிடம் ஒப்படைத்து, நடந்ததை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுவரில் கை வைத்தது முதல் விழுந்தது வரை எந்த நாளில் என்ன செய்தோம் என்று. என்னிடம் போட்டோக்கள் தேதியோடு இருந்தன. கடைசியில் என்னைக் காப்பாற்றியதும் அந்தத் தேதிகள்தான். புதையல் எதுவும் இல்லை என்று முடித்தார்கள். 2023 தொடக்கத்தில்தான் மூச்சு விட்டேன்.

எனவே, ஏதாவது பொருள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த இடத்திலிருந்து பிரிந்துவிட்டால் ஒரு காசு வெறும் செம்புதான். எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. என் காசின் கதையை நான் அழித்துவிட்டேன். படத்தைக் குழுக்களில் போடவே கூடாது. வேலை தொடங்கும் முன்பே சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1975-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் போதும். பொறுப்பு ஏழு தோளில் இருக்கும், கணக்கு வங்கியில் இருக்கும். ஏழு பேர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்தை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் கோட்டைப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். இழுத்துக்கொண்டு போனது அதே சுண்ணாம்புக் கொத்தனார். "கல்லைத் தொடாம கோட்டைக்குச் செய்யற வேலை எவ்வளவோ இருக்கு தம்பி" என்றார். உண்மைதான். இப்போது சங்கம் பதிவாகிவிட்டது, ஒன்பது பேர் இருக்கிறோம். வனத்துறையிடம் எழுத்து அனுமதி வாங்கி மாதம் ஒரு முறை ஏறுகிறோம். அரிவாள் கிடையாது. பாட்டில் பொறுக்க இரண்டு சாக்கு, கேமரா, அளவு நாடா, நோட்டு. கோட்டையைச் சுற்றி 22 இடங்களில் நின்று, ஒவ்வொரு மாதமும் அதே இடம், அதே உயரம், அதே கோணத்தில் சுவரைப் படம் எடுக்கிறோம். ஆறு மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்தச் சுவர் வயிறு தள்ளுகிறது, எந்த விரிசல் வளர்கிறது என்று தெரிகிறது. அந்தப் பட்டியலைத்தான் அலுவலகங்களுக்கு அனுப்புகிறோம். "கோட்டை பாழாகிறது" என்று மனு கொடுத்தால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். "ஏழாவது புள்ளியில் விரிசல் நான்கு மாதத்தில் 6 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது" என்று படத்தோடு கொடுத்தால் ஆள் வந்து பார்க்கிறார்கள். வந்தார்கள்.

அடிவாரத்தில் புலியோடு சண்டை போடும் வீரனைச் செதுக்கிய ஒரு நடுகல் இருக்கிறது. எங்கள் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை, இதை ஊரார் இன்றும் கும்பிடுகிறார்கள். 2021-ல் அதன்மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க என் கடைக் கம்பி பிரஷ்ஷைக் கொண்டு போனோம். நான்கு இழுப்பு இழுத்ததும் ஒரு எழுத்தின் சுழி ஓரம் பொரியாக உதிர்ந்தது. நல்லவேளை, ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "சாமி முகத்தை ஏன்டா சுரண்டறீங்க?" என்று திட்டித் துரத்தினார். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத் தூள், எழுத்துக்குள் சாக்பீஸ் எதுவும் வேண்டாம். இருட்டியதும் போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுத்தாக எழும்பி வரும். முதல் முறை அப்படிப் பார்த்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் படம் எடுத்தால், மைப்படி (கல்லெழுத்தைக் காகிதத்தில் மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்கத் தெரிந்தவர் வரும்வரை அதுவே நல்ல பதிவு.

என்னைத் துரத்திய அந்தப் பாட்டிதான் பிறகு எங்களுக்குப் பெரிய பொக்கிஷமாக ஆனார். அறுபது வருடம் அந்த மலையில் ஆடு மேய்த்தவர். நாங்கள் "மேற்குக் குளம்" என்று எழுதிவைத்ததை அவர் யானைக்குளம் என்கிறார். இடிந்த அறை ஒன்றுக்கு மருந்துக்கொட்டடி என்று பெயர். வெடிமருந்து வைத்த இடம். அதன் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன் என்று அதுவரை எங்களுக்குப் புரியவில்லை. முதல் தடவை மலைமேலேயே வைத்துப் போனில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் முழுக்கக் காற்றுச் சத்தம். மறுபடி அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கி வைத்துக் கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொன்னார். எல்லோரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், முதல் தடவையே சரியாகப் பதிவு செய்யுங்கள்.

காகிதத்தில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி என்று தேடி எனக்கு ஆறு மாதம் வீணானது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல் வந்தது, அதற்கு முன் தர்மபுரி, அந்தத் தர்மபுரியே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய கெசட்டியர், வருவாய் ஆவணம், சர்வே எல்லாம் சேலம் என்ற தலைப்புக்குக் கீழேதான் இருக்கும். அதற்கும் முன்னால், 1792-லிருந்து கர்னல் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகம் செய்த காலத்துக் கடிதங்களுக்குப் பாராமகால் என்று தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் உங்கள் மாவட்டம் எதிலிருந்து எந்த வருடம் பிரிந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் அதே 1792-ல் எங்கள் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் வீரபத்திர துர்க்கத்தையும் வரைந்திருக்கிறார்கள். அப்படி உங்கள் கோட்டைக்கும் ஒரு பழைய படம் எங்காவது இருக்கலாம். இன்றைய சுவரோடு வைத்துப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விழுந்த 18 அடி இன்னும் விழுந்தபடியேதான் கிடக்கிறது. எடுத்துக் கட்டிவிடலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது என்பது விழுந்து கிடக்கும் விதத்திலும் தெரியும், அதைக் கலைத்தால் அதுவும் போய்விடும். கல் ஒவ்வொன்றையும் இடம் மாற்றாமல் அளந்து, படத்தில் எண் போட்டிருக்கிறோம். 213 கற்கள். கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கேட்டு மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பிய மனுவோடு அந்தப் படத்தையும் இணைத்தோம். வந்து பார்த்த அதிகாரி சிமெண்ட் ஒட்டிய கல்லைக் கையில் எடுத்து, இது யார் வேலை என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படியானால் எவ்வளவு கலவை, எந்தத் தேதியில், எவ்வளவு ஆழத்துக்குப் பூசினீர்கள் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல முழுவதையும் குறித்துக்கொண்டார்.